முகத்துவாரம் வெட்டும் நாள்

ஒரு ஆவணி மாதம், காலை ஆறு மணிப் பாதையில் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புக் களப்பின் ஒரு கரையான குருமண்வெளியிலிருந்து மறுகரை மண்டூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடலோர உவர்நீர் ஏரியான களப்பைக் கடக்கும் தட்டையான படகை. அக்கரையில் எனக்குப் பள்ளிக்கூடம். வருடக்கணக்காகப் போய் வருகிற வழி என்பதால் தண்ணீரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன். நடுக்களப்பில் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள், மழை தூறுவது போல. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. குனிந்து பார்த்தால் மணலை மீன் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். தலையை மேலே தூக்கி, உதட்டைத் தண்ணீரின் விளிம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றன. பாதையின் நிழல் மேலே விழுந்தும் ஒன்றும் அசையவில்லை.

மணலையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பிழையான காட்சி என்று விளங்கும். தோணிச் சவள் தண்ணீரில் படுகிற சத்தத்துக்கே துள்ளிப் பாய்கிற மீன் அது.

பாதையில் வந்த ஒருவர் “இண்டைக்கு நல்ல பாடுதான்” என்றார், நிறைய மீன் படும் என்ற கணக்கில். கரையோரம் இரண்டு பொடியன்கள் அத்தாங்கோடு இறங்கி, வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி என் மாமாவின் தோணி நின்றது. அம்மாவின் தம்பி அவர், சின்ன வயதிலிருந்து இதே களப்பில் தொழில். வீச்சுவலை மடித்தபடி முன்னால் கிடந்தது. அவர் வீசவில்லை. என்னைக் கண்டதும் குரல் கொடுத்தார்.

“மூச்சுக்குத் தவிக்குது புள்ள. இதுக்கு மேல வலை போட ஒண்ணா.”

பின்னேரம் திரும்பி வரும்போது கண்ணா மர வேர்களுக்கு இடையில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. மணலை மட்டுமல்லாமல் செத்தல், ஓரா மீன்களும், ஒரு கையளவு கொடுவா ஒன்றும் இருந்தது. துறையடியில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தோம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரியும். 25 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.6 ஆகிவிடும். தண்ணீரில் உப்பு ஏற ஏற இன்னும் குறையும். கணக்கில் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் மீனுக்கு நம்மைப் போலத் தன் உடம்புச் சூட்டைத் தானே நடத்தத் தெரியாது. தண்ணீர் எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவு சூடு. தண்ணீர் சுடச்சுட அதன் உடம்பு வேகமாக எரியும், கூடுதலான ஒட்சிசன் கேட்கும். கேட்கிறது கூடுகிற அதே நேரத்தில் இருக்கிறது குறைகிறது. போதாததற்கு, வயலில் போட்ட உரம் வடிந்து வந்து களப்பில் பாசி தழைக்கிறது. பகலில் பாசி ஒட்சிசனைத் தரும், இரவில் தானும் மூச்சு வாங்கும். ஆகவே விடியும் நேரந்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைந்த நேரம். ஆறு மணிப் பாதையில் போனவள் கண்டதைப் பத்து மணிப் பாதையில் போனவர் கண்டிருக்க மாட்டார்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் அடங்கும். ஆனால் அன்று இரவு மாமா வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்ன விஷயம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. வெயில் ஒன்றும் புதிதில்லை என்றார் அவர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் களப்பு எப்போதும் வற்றும், சுடும், உப்புக் கரிக்கும். மீனுக்கும் அது தெரியும். அதற்கு முன்பே வளர வேண்டியது வளர்ந்து, கடலுக்குப் போக வேண்டியது போயிருக்கும். “இப்ப அதுகள் போகேல்ல புள்ள. இன்னும் குஞ்சாத்தான் நிக்குதுகள். பிந்தி வந்ததுகள், பிந்தித்தானே போகும்” என்றார்.

அந்தப் பிந்தலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் களப்பைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக் களப்பு வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பங்குடாவெளிப் பக்கத்தில் தொடங்கித் தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனை வரை கிடக்கிறது. கடலுக்கும் களப்புக்கும் இடையில் நாடா போல் ஓடும் மணல் நிலம் எழுவான்கரை. வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் உள்ள மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. முந்தனை ஆறு, மகிழவட்டவான் ஆறு, நவகிரி ஆறு எல்லாம் படுவான்கரைப் பக்கத்தால் வந்து இறங்கும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்கள் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீரும் இங்கேதான். தெற்கே, ஒரு காலத்தில் பட்டிப்பளை ஆறு என்று நம்மவர்கள் சொன்ன கல்லோயாவை மறித்து 1949இல் தொடங்கிய திட்டத்தின் வயல்களில் வடிகிற நீரும் வந்து சேரும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க முடியாமல் நின்றவர்களுக்கு அந்தத் தண்ணீரின் பலம் தெரியும்.

இத்தனை ஆறுகள் சேர்ந்து நிரப்பும் களப்புக்குக் கடலுக்குப் போக இரண்டே வாசல். வடக்கே பாலமீன்மடு, தெற்கே பெரியகல்லாறு. எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கடல் தன் பலத்தில் வாசலைத் திறந்து வைத்திருக்காது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். மாரியில் ஆறுகள் பெருகிக் களப்பு நிரம்பும்போது, அந்த மணல் திட்டை வெட்டித் திறந்துவிடுவார்கள். அதுதான் முகத்துவாரம் வெட்டுவது. அம்மப்பா காலத்தில் ஊரெல்லாம் மண்வெட்டியோடு போகுமாம். ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் கீறினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போய்விடும் என்பார். இப்போது பெக்கோ இயந்திரம் வருகிறது.

வெளியில் இருப்பவர்களுக்கு முகத்துவாரம் வெட்டுவது வெள்ளம் வடிய வழிவிடுகிற வேலை. களப்பில் தொழில் செய்பவர்களுக்கு அதில் இன்னொரு பாதியும் உண்டு. வெள்ளம் வெளியே போய் முடிந்ததும் கடல் உள்ளே வரும். அதோடு உயிர்கள் வரும்.

இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். களப்பு இறால் களப்பில் பிறப்பதில்லை. தாய் இறால் கடலில் முட்டை விடும். குஞ்சு வெளிவந்து, கண்ணுக்குத் தெரியாத உருவங்கள் சிலவற்றை மாறி மாறி எடுத்து, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் இறால் வடிவத்துக்கு வந்து, கரையை நாடும். முகத்துவாரம் திறந்திருந்தால் உள்ளே வரும். கண்டல் வேர்களுக்கு அடியில், சேற்றில் கிடைப்பதைத் தின்று மூன்று நாலு மாதம் வளரும். பிறகு முட்டை விடக் கடலுக்குத் திரும்பும். மணலை, பால்மீன் எல்லாம் கடலில் பிறந்து களப்பில் வளர்கிற பிள்ளைகள்தான். பாலமீன்மடு என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே அந்த மீன் கிடக்கிறது. விலாங்கு இவை எல்லாவற்றையும் தாண்டியது: ஆற்றிலும் குளத்திலும் வருடக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, முட்டை விட ஆழ்கடலுக்குப் போய், அங்கேயே முடிந்துவிடும். அதன் குஞ்சு கண்ணாடி போல உடம்போடு திரும்ப ஆறு தேடி வரும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று பழித்துப் பேசுகிறோமே, அந்த விலாங்கு போகிற தூரத்தை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

நண்டின் கதையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தைமாதம் மாமா கூட்டிலிருந்து ஒரு சோடியைத் தூக்கிக் காட்டினார். பெரிய ஆண் நண்டு, அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு பெண். ஆண் தன் கால்களால் கூடு கட்டினது போல அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. மாமா மெல்லப் பிரித்துப் பெண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். அப்போதுதான் ஓடு கழற்றியிருந்தது. நண்டு என்றால் கல் மாதிரி இருக்கும் என்றுதானே நினைப்போம். இது ஊறவைத்த தோல் மாதிரி இருந்தது. விரலால் தொட்ட இடம் குழிந்து, மெல்லத் திரும்பி எழும்பியது. கொடுக்கைத் தூக்கப் பார்த்தது, அது பாரம் தாங்காமல் என் மணிக்கட்டில் சாய்ந்தது. இந்த நிலையில் எந்த மீனும் அதைத் தின்னலாம் என்பதால், ஓடு கழற்றுவதற்குச் சில நாள் முந்தியே ஆண் வந்து தூக்கிக்கொண்டு காவல் நிற்கும். ஓடு கழன்ற பிறகுதான் சேரும். புது ஓடு இறுகும் வரை விடாது. பிறகு பெண் முட்டையோடு கடலுக்குப் போகும். ஒரே தடவையில் பத்து இலட்சத்துக்கும் மேல் முட்டை. அந்தக் குஞ்சுகளுக்கு உப்புக் குறைந்த தண்ணீர் ஆகாது, அதனால் தாய் போயே ஆக வேண்டும்.

மாமா இரண்டையும் சேர்த்துத் திரும்பத் தண்ணீரில் விட்டார். அந்த ஆண் நண்டின் நிறை எப்படியும் ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும், அன்றைய நல்ல காசு. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சரி, இதில் காலநிலை எங்கே வருகிறது? இவ்வளவு உயிர்களும் ஒரு ஒழுங்கை நம்பி வாழ்கின்றன. மாரி வரும், வாய் திறக்கும், உப்பு வரும், குஞ்சு வரும், வளரும், கச்சான் வீசுமுன் போகும். அம்மப்பா இந்த ஒழுங்கைக் கோயில் நாட்களை வைத்துச் சொல்வார். கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னே களப்பு நிரம்ப வேண்டும். தைப்பொங்கலுக்கு வாய் திறந்திருக்க வேண்டும். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்குள் இறால் கை நிறைய வேண்டும். ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்குப் போகும்போது களப்பில் கால் வைத்தால் சுட வேண்டும். குளிர்த்தி என்பதே சூட்டைத் தணிக்கச் செய்கிற சடங்கு. வெயிலைப் பற்றி எங்கள் ஆட்கள் எப்போதும் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யோசித்தது வரவேண்டிய நேரத்தில் வருகிற வெயிலை.

இப்போது மழை வருடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் பெரிய குறை இல்லாமல் வரலாம். வருகிற விதம் மாறிவிட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 7 வீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அதனால் வானம் நீண்ட நாள் தேக்கி வைத்துவிட்டு, மொத்தமாகக் கொட்டுகிறது. 2011 தையில் கொட்டினது எங்கள் வயதுக்காரருக்கு மறக்காது. கிழக்கை மையமாகக் கொண்ட அந்த வெள்ளத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே இன்னொரு வெள்ளம். பிறகு 2016, 2017இல் நாற்பது வருடத்தில் காணாத வரட்சி என்று நாடெங்கும் பேசினோம். 2024 கார்த்திகையில் பெங்கல் புயலோடு வந்த மழை. 2025 கார்த்திகையில் டிட்வா. முந்தி எங்கள் வீட்டில் வயசைச் சொல்வதற்கு 78 சூறாவளி ஒன்றுதான் அடையாளம். “சூறாவளிக்கு நான் ஏழு வயசு” என்பார் மாமா. இனி வரும் பிள்ளைகள் எந்தப் புயலை வைத்து வயது சொல்வார்களோ.

வெள்ளம் மொத்தமாக வரும்போது களப்புக்குள் நடப்பதைக் கரையிலிருந்து பார்க்க முடியாது. கரித்துக்கொண்டிருந்த தண்ணீர் இரண்டு மூன்று நாளில் உப்பில்லாத பச்சைத் தண்ணீராகிவிடுகிறது. நீந்தக் கூடியது ஓடும். ஓட்டுக்குள் வாழும் மட்டியும் ஊரியும் எங்கே ஓடுவது? வாயை இறுக மூடிக்கொண்டு உப்பு வரும் வரை காத்திருக்கும். முந்தியென்றால் சில நாள் காத்திருந்தால் போதும். வாரக்கணக்கில் நன்னீரே நின்றால் அவற்றால் தாங்க முடியாது. வெள்ளம் வடிந்த பிறகு சேற்றில் வாய் பிளந்து கிடக்கும் மட்டி ஓடுகளைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆற்றுவாழை என்கிற மிதக்கும் களையையும் அதே வெள்ளம் இழுத்துக்கொண்டு வரும். குளத்திலும் வாய்க்காலிலும் தழைத்துக் கிடந்தது பாயாக வந்து களப்பை மூடும், துறையை அடைக்கும், தோணி நகராது. அதற்கு உப்பு ஆகாது. பிந்தியாவது கடல் உள்ளே வந்ததும் அது கருகி, அழுகி, அடியில் போய்ப் படியும். அழுகுவதற்கும் ஒட்சிசன் வேண்டும். அதை மீனின் பங்கிலிருந்துதான் எடுக்கும். ஆவணியில் நான் பாதையில் கண்ட அந்தக் காலையின் தொடக்கம் மார்கழி வெள்ளத்திலேயே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வரட்சி வருடத்தில் எல்லாம் மறுபக்கம். ஆறு இறங்கவில்லை என்றால் களப்பு நிரம்பாது. நிரம்பாவிட்டால் வெட்டவும் முடியாது. வெட்டினாலும் தள்ளிக்கொண்டு போக வேகம் இல்லாமல் மணல் திரும்ப வந்து மூடிவிடும். உள்ளே இருப்பது ஆவியாகி, உப்புக் கடலைவிடக் கூடும் இடங்களும் உண்டாகும். கடலில் குஞ்சு வந்து வாசலில் நிற்கும். வாசல் திறக்காது.

இந்தக் குழப்பத்தில் நன்றாக வாழ்கிற மீனும் உண்டு. எங்கள் பக்கத்தில் செல்வன் என்கிற திலாப்பியா. ஆபிரிக்காவிலிருந்து 1952இல் நாட்டுக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். நன்னீரிலும் வாழும், உப்பிலும் வாழும், சூட்டையும் காற்றுக் குறைவையும் தாங்கும். முட்டையை வாய்க்குள் வைத்தே காக்கும். குஞ்சு வளர்க்கக் கடலுக்கும் போகத் தேவையில்லை, முகத்துவாரத்தையும் பார்த்திருக்கத் தேவையில்லை. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் காலையில் போய்ப் பாருங்கள், குவியலாகக் கிடக்கும். ஏழைக்குச் சோற்றோடு மீன் கிடைக்கிறதென்றால் அந்த மீனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே பலகையில் மணலையும் ஓராவும் கிடந்த இடம் சுருங்கிக்கொண்டு வருவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வலையின் நிறை குறையாமல் இருந்தாலும் வலைக்குள் இருக்கும் பெயர்கள் குறைகின்றன.

கடலாமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளைகள் மிகவும் ஆச்சரியப்பட்டது அதைக் கேட்டுத்தான். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29 பாகைக்குக் கிட்டவாக இருந்தால் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேலே போகப் போகப் பெண்ணே கூடும். முதலைக்கும் இப்படித்தான், ஆனால் ஒழுங்கு வேறு: நடுவான சூட்டில் ஆண், அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பெண். “அப்ப மணல் எல்லா வருசமும் சுட்டா ஆண் ஆமை எங்க ரீச்சர்?” என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு பெடியன் கேட்டான். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது.

கண்டலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. கண்ணா, கிண்ணை, தில்லை என்று களப்பைச் சுற்றி நின்ற மரங்கள் இறாலுக்கும் நண்டுக்கும் நிழலும் சாப்பாடும் மறைவும். கரையோரத் தண்ணீரைக் கொஞ்சமாவது குளிராக வைத்திருப்பதும் அவைதான். யுத்த காலத்தில் பாதுகாப்பு என்று சொல்லிப் பல இடங்களில் வெட்டினார்கள். மிச்சத்தை வேலிக்கும் விறகுக்கும் நாமே வெட்டினோம். சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நட்டார்கள். அவற்றில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. எங்கள் துறைக்குப் பக்கத்திலும் ஒரு அமைப்பு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நட வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனது. கன்றுகளை வைத்தது எப்போதும் தண்ணீர் நிற்கிற ஆழத்தில். அன்றே மாமா கரையிலிருந்து சொன்னார், இந்த இடத்தில் மரம் நின்றதே இல்லை என்று. யாரும் கேட்கவில்லை. அடுத்த மாரியில் குச்சிகள்கூட இல்லை. பிள்ளைகள் வெகுநாள் அந்த வெறும் தண்ணீரைக் காட்டி “எங்கட மரம் நட்ட இடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அதைவிட வலித்தது வேறு ஒன்று. ஒரு மாரியில், முகத்துவாரம் எப்போது வெட்டுவது என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். மாமாவோடு நானும் போனேன். வயல்காரர்கள் பேசினார்கள்: பெரும்போக நெல் தண்ணீருக்குள் நிற்கிறது, இன்றைக்கே வெட்டுங்கள். நியாயமான பேச்சு. தண்ணீருக்குள் மூன்று நாளுக்கு மேல் நின்றால் இளம்பயிர் போய்விடும், கடன் மட்டும் நிற்கும். தாழ்ந்த இடத்து வீட்டுக்காரர்கள் பேசினார்கள். வீதிக்கும் பாலத்துக்கும் பொறுப்பானவர்கள் பேசினார்கள். கடைசியில் மாமாவுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. அவர் எழுந்து, வெட்டவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஆறு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரே நேரத்தில் அகலமாக வெட்டினால் களப்பு ஒரே மூச்சில் வடிந்து வேகம் போய்விடும், வாய் திரும்ப மூடிக்கொள்ளும், பிறகு மீன் குஞ்சு வர வழி இருக்காது, இரண்டாம் முறை எப்போது வெட்டுவது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள் என்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, மீனுக்குக் கடல் இருக்கு” என்றார். கூட்டம் முடிந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு முன்னால் இருந்த தாளில் வயல் எத்தனை ஏக்கர், வீடு எத்தனை, வீதி எத்தனை கிலோமீற்றர் என்று இருந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் அதில் நிரல் இல்லை. அந்த வருடம் மாமா சொன்னபடியே தைமாத நடுவில் வாய் மூடிக்கொண்டது. சித்திரையில் இறாலுக்குப் போனவர்கள் வெறும் பறியோடு வந்தார்கள்.

உலகம் சூடாவதை மண்டூரிலிருந்தோ குருமண்வெளியிலிருந்தோ நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். 2024ஆம் ஆண்டின் சராசரிச் சூடு கைத்தொழில் காலத்துக்கு முந்தியதைவிட ஒன்றரைப் பாகைக்கு மேல் போய்விட்டது. கடல் மட்டம் 1901இலிருந்து 2018 வரை ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது, இப்போது ஏறுகிற வேகமும் கூடியிருக்கிறது. தோணியும் வலையும் வைத்திருக்கிறவர்களின் கையில் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் மழையின் ஒழுங்கு குலைந்த பிறகு, அந்த ஒழுங்கில் மனிதர் கையில் மிஞ்சியிருக்கிற ஒரே கண்ணி முகத்துவாரம் வெட்டும் நாள். எந்த நாள், எவ்வளவு அகலம், மூடினால் திரும்ப எப்போது? முந்தி ஆறு தானே அறுத்துத் தீர்மானித்ததை இப்போது ஒரு மேசையில் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அந்த மேசையில் களப்பின் உயிர்களுக்காகப் பேசுகிறவருக்கு வயல்காரருக்குச் சமமான நேரம் வேண்டும். தண்ணீரின் உப்பு எவ்வளவு, வாசலுக்கு வெளியே குஞ்சு வந்துவிட்டதா என்பதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியமே இல்லை. மாமாவைப் போன்ற பத்துப் பேரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

1848இல் எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் போய்க் களப்பின் பாட்டைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற ஒலி போல இருந்தது என்று எழுதி வைத்தார். மீன் பாடும் தேன்நாடு என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பாட்டு. பாடுவது ஊரி என்று அன்றைக்கு மீன்பிடிகாரர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. வந்தவர் தொழிலாளிகளிடம் கேட்டார், அவர்கள் சொன்னதை எழுதினார்.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு கொப்பி தொடங்கினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து எழுதுகிறார்கள். இன்று என்ன காற்று, தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, துறையில் யாருக்கு என்ன மீன் பட்டது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா. திகதி போட்டு எழுத வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம்.

போன தை கடைசியில் ஒரு காலை, மாமா துறையடியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். “பாதையில கொண்டுபோ புள்ள, பிள்ளையளுக்குக் காட்டு” என்றார். பார்த்தால் வெறும் களப்புத் தண்ணீர்தான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது, சோடி சோடியாகக் கறுத்தப் புள்ளிகள், கடுகைவிடச் சின்னது. கண்கள். உடம்பு தண்ணீரைப் போலவே இருந்தது. ஒன்று போத்தலின் பக்கத்தில் வந்து ஒட்டி, மயிர் போன்ற கால்களை அடித்துக்கொண்டு நின்றது.

வகுப்பில் மேசையில் வைத்தோம். பிள்ளைகள் வில்லையை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டு எண்ணினார்கள். ஒருத்தி போத்தல் மூடியில் விட்ட தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கொப்பியை இழுத்து எழுதினாள். வாடைக் காற்று. முகத்துவாரம் திறந்திருக்கிறது. தண்ணீர் கரிக்கிறது. இறால் குஞ்சு 11.

பின்னேரப் பாதையில் வரும்போது, கண்டல் நிற்கிற பக்கமாகப் போத்தலைச் சாய்த்து அவற்றைத் தண்ணீரில் விட்டேன்.